மலையகத்துக்குக் குடிவருபவர்கள் தெருவைக் கவனிக்க ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகவோ கல்யாணமாகியோ இலங்கையின் மலைப்பகுதியான மலையகத்துக்கு, ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா பக்கம் வருபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இறங்கிய உடனேயே காதில் தமிழ் விழும். கடைக்காரர் தமிழில் விலை சொல்வார், பக்கத்துக் கோவிலில் மாரியம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்த வசதிதான் இடைஞ்சலும். 'நம்ம ஊர் மாதிரிதான் இருக்கு' என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டு, அதற்குப் பிறகு எதையும் பார்ப்பதில்லை. ஜப்பானுக்குப் போனவர் குப்பைத் தொட்டியைக்கூட நின்று பார்ப்பார். இங்கே வந்தவர் இரண்டு வருடம் இருந்தும், எதிர்வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏன் கட்டியிருக்கிறது என்று தெரியாமல் பாட்டுச் சத்தத்தோடு காரில் தாண்டிப் போவார்.

நான் தமிழ்நாட்டில் பிறந்து, ஹட்டன் பக்கம் குடும்பமாக இருப்பவள். புதிதாக வருகிறவர்கள் 'ஊரை எப்படிப் பழகுவது?' என்று கேட்டால் நான் சொல்லும் முறையை எழுதியிருக்கிறேன். எல்லாப் படிகளையும் வரிசையாகத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் படியைத் தாண்டாதீர்கள்.

முதல் வாரம் காது மட்டும் போதும்

மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆனால் பள்ளத்தாக்கில் சத்தம் நன்றாகக் கேட்கும். அதனால் காதில் தொடங்குங்கள். விடியுமுன் எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, எது முதலில் கேட்கிறது, எந்தப் பக்கமிருந்து கேட்கிறது என்று எழுதுங்கள். பன்சலை என்கிற புத்தக் கோவிலில் பிரித் (பௌத்த மந்திரம்) ஓதுவது, பள்ளிவாசல் பாங்கு, கோவில் ஒலிபெருக்கி, தேவாலய மணி என்று நான்கும் கேட்கும் தெருக்கள் மலையகச் சிறுநகரங்களில் நிறைய உண்டு. அந்த வரிசை சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஒரு நாள் அது மாறினால், ஊரில் ஏதோ விசேஷம் அல்லது துக்கம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த மெட்டு. காலை ஆறரை, ஏழு மணிவாக்கிலும், மறுபடி பின்னேரமும், பனிக்குள்ளிருந்து ஒரு மின்னணு இசை வரும். சாவி கொடுத்த பொம்மைப் பெட்டியைத் திறந்தால் வருவது போன்ற மெல்லிய, கிறீச்சென்ற சத்தம். பீத்தோவனின் புகழ்பெற்ற பியானோ மெட்டு அது. இலங்கையில் அதைக் கேட்டால் யாருக்கும் பீத்தோவன் ஞாபகம் வராது. பாண் (இங்கே ரொட்டிக்கு அப்படித்தான் பெயர்) வண்டி வந்துவிட்டது என்று பிள்ளைகள் காசோடு வாசலுக்கு ஓடுவார்கள். சூன் பாண் என்பார்கள். மூன்று சக்கர வண்டியின் பின்னால் கண்ணாடி அலமாரி. அதில் அச்சுப்பாண், ரோஸ் பாண், மீன் வைத்த மாலு பாண், முதலை மாதிரி நீளமாகச் செய்து மேலே சீனி தூவிய கிம்புலா பணிஸ்.

பண்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் வண்டி நிற்கும் இடங்களைப் பாருங்கள். எந்த வாசலில் யாரும் கூப்பிடாமலேயே நிற்கிறார், எந்த வீட்டுக்கு மாலு பாணைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார், யாரிடம் காசு வாங்காமல் கொப்பியில் எழுதிக்கொள்கிறார் என்று பார்த்தால், யார் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் புரியும். ஒரு பணிஸ் வாங்கி, 'பின்னேரமும் வருவீங்களா அண்ணே?' என்று கேளுங்கள். தெருவில் உங்களை முதலில் அடையாளம் தெரிந்துகொள்பவர் பெரும்பாலும் அவர்தான். அதனால் சில்லறை எப்போதும் கையில் இருக்கட்டும்.

சாயங்காலச் சத்தம் வேறு. கொத்து ரொட்டி போடும் கல்லில் இரண்டு தகடுகள் அடிக்கும் தாளம் கடைக்குக் கடை மாறும். கொஞ்ச நாள் போனால், கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கடை என்று சொல்லலாம்.

ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள்

ஊர் முழுக்கச் சுற்றாதீர்கள். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை போதும். அதே பாதையில் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, மழை விட்டதும் ஒருமுறை நடங்கள். மூன்றும் மூன்று பாதை மாதிரித் தெரியும்.

மலைநகரக் கட்டடங்களை முதலில் பாருங்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடிக் கடை. பின்பக்கம் போய்ப் பார்த்தால் அதற்குக் கீழே இரண்டு மாடி சரிவில் இறங்கியிருக்கும். வாசல் மேலே, படுக்கையறை கீழே. 'கீழ் வீடு', 'மேல் வீடு' என்று இங்கே சொல்வது மாடிக்கணக்கு மட்டும் இல்லை, மலைக்கணக்கும்தான். யாராவது வழி சொன்னால் 'மேலே', 'கீழே', 'வளைவு', 'பாலம்' என்ற சொற்கள்தான் வரும். வலது இடது குறைவு. பழைய ஆட்கள் தூரத்தை மைல்கட்டையில் சொல்வார்கள். 'நாலாம் கட்டையில இறங்குங்க' என்றால் அங்கே கட்டை நிற்கிறதா என்று தேடாதீர்கள், நடத்துநரிடம் அப்படியே சொல்லுங்கள்.

வாகன எண் பலகைகளையும் பாருங்கள். பழைய லொறி, ஜீப்புகளில் எண்களுக்கு நடுவே ஒரு சிங்கள எழுத்து இருக்கும். அது 'ஸ்ரீ'. 1950களில் அந்த எழுத்தை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தபோது தமிழர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு எழுந்தது. இப்போது மரக்கறி மூட்டையோடு அந்த லொறி உங்களைத் தாண்டிப் போகும்போது, அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் கதையைத் தெரிந்து பார்ப்பது நல்லது.

பலகைகளை மூன்று முறை படியுங்கள்

ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் பல நிலையங்களில் எழுதியிருக்கும். இந்த மலை ரயில் பாதையில் மிக உயரமான நிலையம் பட்டிப்பொல. தமிழ் ஆட்சிமொழியாக அரசியலமைப்பில் ஏறியது 1987இல்தான். அதனால் சில அரசுப் பலகைகளில் எழுத்துப் பிழை கண்ணில் படும். படம் எடுத்து வைத்துச் சிரிப்பதற்கு முன், அந்தப் பலகையில் தமிழ் வருவதற்கே எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துப் பாருங்கள். பிழையைத் திருத்தச் சொல்லி அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் இன்னும் நல்லது.

தோட்டப் பெயர்கள் தனி உலகம். பெல்மோரல், கிளாஸ்கோ, ஹோலிரூட், எடின்பரோ என்று ஸ்கொட்லாந்து முழுக்க இங்கே இருக்கிறது. அங்கிருந்து வந்த துரைமார் வைத்த பெயர்கள் இவை. 1869இலிருந்து இலைநோய் பரவிக் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். பிறகு மலை முழுக்கத் தேயிலைதான். ஆனால் பல தோட்டங்களுக்கு அங்கே வேலை செய்தவர்கள் வைத்த தமிழ்ப் பெயரும் உண்டு, அது எந்தப் பலகையிலும் இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் 'இந்தத் தோட்டத்துக்குப் பழைய பேரு என்னம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். என் நோட்டில் மிகப் பிரியமான பக்கங்கள் இப்படி வந்தவைதான்.

பஸ்ஸில் ஏறினால் ஒரு விஷயம்: முன்வரிசையில் மதகுருமாருக்கென்று ஒதுக்கிய இருக்கை இருக்கும். பிக்கு ஏறினால் எழுந்து இடம் கொடுக்க வேண்டும்.

தேத்தண்ணிக் கடையில் உட்காருங்கள்

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடையை உங்கள் கடையாக வைத்துக்கொள்ளுங்கள். பிளேன்டீ கேளுங்கள். பாலில்லாத தேத்தண்ணி அது. சில இடங்களில் சீனியைக் கலக்காமல் தனியாகக் கொடுப்பார்கள்; உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நாக்கில், ஒரு மிடறு தேநீர் என்று குடிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், வடை கொண்டுவந்து மேசையில் வைத்தால் பதறாதீர்கள். தின்றதற்கு மட்டும்தான் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அதனால் தட்டில் இருப்பதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வைக்கக் கூடாது. எடுத்தால் சாப்பிட்டுவிடுங்கள்.

பார்சல் வாங்கினால் அந்தக் கடதாசிப் பையைத் திருப்பிப் பாருங்கள். பல கடைகளில் அது பழைய பள்ளிக் கொப்பித் தாளில் ஒட்டிய பை. ஒன்றில் நீள்வகுத்தல் கணக்கு, ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் போட்ட சரி. இன்னொன்றில் வட்டவட்டமான சிங்கள எழுத்தில் ஒரு கட்டுரை, நடுவில் வடை எண்ணெய் பரவியிருக்கும். எந்தப் பிள்ளை எழுதியது என்று தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று அந்தப் பை சொல்லும். கை துடைக்கத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும் தாளையும் அப்படியே பாருங்கள்.

வெள்ளை நிறத்தைப் பின்தொடருங்கள்

ஒரு நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் பார்ப்பது எனக்குப் பிடித்த பயிற்சி. இலங்கையில் அதற்கு வெள்ளைதான் ஏற்றது. வாரநாட்களில் காலையில் வெள்ளைச் சீருடையில் பள்ளிப் பிள்ளைகள். ஞாயிறு காலையும் வெள்ளையுடையில் பிள்ளைகள் போவார்கள். அவர்கள் பன்சலையில் நடக்கும் அறநெறி வகுப்புக்குப் போகிறவர்கள். பௌர்ணமி நாளில் பெரியவர்களும் வெள்ளை உடுத்துவார்கள், அது போயா. ஒவ்வொரு போயாவும் விடுமுறை. இறைச்சிக் கடையும் மதுக்கடையும் திறக்காது. நாட்காட்டியில் அந்தத் தேதிகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

தெருவோரம் வரிசையாக வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அங்கே சாவு. பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாகப் போங்கள். பக்கத்து வீடென்றால், பழக்கமில்லாதவர்கள் ஆனாலும் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கமாட்டார்கள்.

தோட்டத்துக்குள் போவதென்றால்

தோட்டப் பாதைகள் பல, தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் இருப்பவை. முன்பின் கேட்காமல் கேமராவோடு நுழையாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டுப் போனால்தான் சரி.

போனால் கண்ணில் படுபவை: வரிசை வீடுகளான லயம், அதில் ஒவ்வொரு அறையும் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. தண்ணீர் விழும் பீலி. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவம், சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா. தேயிலை மலை ஓரத்தில் ஒரு கல்லும் சூலமும் மட்டும் உள்ள சின்னக் கோவில்களை விட்டுவிடாதீர்கள். மாடசாமியும் முனியாண்டியும் இருப்பது எதிர்பார்த்ததுதான். ஆலைச் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி என்று ஒரு சாமி இருப்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

தபாலையும் கவனியுங்கள். நகரத்தில் உங்கள் வீட்டுக்கு எண் உண்டு, தெருப் பெயர் உண்டு. லயத்தில் பலருக்கு அப்படித் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வர வேண்டும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தாமதமாகக் கிடைப்பது இப்படித்தான். புதிதாக வந்தவருக்கு இது விசித்திரமான ஒரு தகவல். அங்கே இருப்பவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. நோட்டில் எழுதும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மனதில் இருக்கட்டும். பீலியில் குளிப்பவர்களையும், கொழுந்து எடுக்கும் பெண்களையும், இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பவர்களையும் கேட்காமல் படம் எடுப்பது எனக்குச் சம்மதமே இல்லை. உங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கேமராவோடு நின்றால் எப்படி இருக்கும்?

எப்படிக் கேட்பது

கண்ணால் பார்ப்பது பாதிதான். மீதி, கேட்டால்தான் கிடைக்கும். 'இது ஏன் இப்படி இருக்கு?' என்று கேட்டால் குறை சொல்வது போலத் தொனிக்கும். 'இதுக்கு என்ன பேரு அக்கா?', 'இது எப்ப இருந்து?' என்று கேளுங்கள். பொருளைக் கேட்டுத் தொடங்கினால் மனிதர்கள் தாங்களாகவே கதைக்குள் வருவார்கள்.

ஒன்றைக் கட்டாயம் கேட்காதீர்கள்: 'நீங்க இந்தியாக்காரங்களா?' நாம் பாசமாகத்தான் கேட்கிறோம். ஆனால் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் இங்குள்ள மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இவர்களிடம் கேட்காமலேயே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 2023இல் மலையகத் தமிழர் வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள், அவர்களுடைய முன்னோர் நடந்து வந்த வழி அது. இவ்வளவுக்கும் பிறகு, இருநூறு வருடம் இந்த மண்ணில் இருப்பவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டால் எங்கே போய்த் தைக்கும் என்று யோசியுங்கள். மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். அவர்களாகவே 'எங்க தாத்தாவுக்குத் துறையூர் பக்கம்', 'பெரியம்மா கோத்தகிரி போயிட்டாங்க' என்று சொன்னால், அப்போது உட்கார்ந்து கேளுங்கள். அவசரப்படாமல் கேளுங்கள்.

சரிவையும் தண்ணீரையும் பாருங்கள்

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மற்ற கவனிப்பெல்லாம் ஊரோடு ஒட்டுவதற்கு. இது உயிருக்கு.

வீடு பார்க்கும்போதே பின்பக்கச் சரிவு, மேலே உள்ள நிலம், மழைநீர் போகும் வழி மூன்றையும் பாருங்கள். குடிவந்ததும் ஒரு நோட்டுப் பக்கத்தை இதற்கே ஒதுக்குங்கள். தாங்குசுவரில் விரிசல் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் என்று பென்சிலால் சுவரிலேயே தேதி போட்டுக் குறித்து வையுங்கள். மழைக்குப் பிறகு அது நீண்டிருக்கிறதா பாருங்கள். நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்ந்திருக்கிறதா, நன்றாகத் திறந்த கதவு திடீரென்று இறுகுகிறதா, தரையில் புதிதாக வெடிப்பு உண்டா, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புகிறதா, தெளிவாக ஓடிய ஓடை சேறாகிறதா, அல்லது அடைமழையிலும் திடீரென்று வற்றுகிறதா? இவை மண்சரிவின் அறிகுறிகள். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் வெளியேறுங்கள்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தின் பல பக்கங்களிலும் சரிவுகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக வெளியிடும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. அம்புலன்ஸ் 1990. இரண்டையும் கைப்பேசியிலும் சமையலறைச் சுவரிலும் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 'பெரிய மழை வந்தா எங்க போவீங்க?' என்று மழைக்காலத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நோட்டும், மாதங்களும்

நோட்டு சின்னதாக, சட்டைப் பையில் நுழைவதாக இருக்கட்டும். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: நேரம், இடம், கண்டது. ஆட்களின் பெயரை எழுத வேண்டாம். அதைப் பற்றி உங்கள் அபிப்பிராயத்தையும் அன்றே எழுதாதீர்கள். முதல் மாத அபிப்பிராயம் அனேகமாக மாறிவிடும், கண்டது மாறாது.

எந்த மாதத்தில் வந்து இறங்கினாலும் பார்க்க ஏதாவது இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் நுவரெலியாவில் சில விடியல்களில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மாசி மாதம் தோட்டங்களில் காமன் கம்பம் நட்டுக் கூத்து நடக்கும். மழை குறைந்த மாதங்களில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றினால், 1960களின் கடைசியில் அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் வெளியே தெரியும். ஏப்ரலில் புத்தாண்டு, நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம், அறை வாடகை ஏறிவிடும். மே மாதம் வெசாக் கூடுகளும், தெருவோரம் யாருக்கும் இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல்களும். வரிசையில் நீங்களும் நிற்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

மே தொடங்கி ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழை கொட்டும்போது பதுளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். பதுளை இருக்கும் ஊவாப் பகுதியின் தேயிலைக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரையான அந்தக் காற்றுதான். ஆண்டு இறுதி மழை பதுளைப் பக்கம் பலமாக இறங்கும். அதனால் துணி காயவைக்கும் ஆலோசனையை வேறு பக்கத்துச் சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள், உங்கள் தெருவில் இருப்பவரிடம் கேளுங்கள். டிசம்பர் போயாவில் சிவனொளிபாதமலை (ஆங்கிலத்தில் ஆடம்ஸ் பீக்) யாத்திரைப் பருவம் தொடங்கி மே வெசாக் வரை போகும். அந்த மாதங்களில் வார இறுதிகளிலும் போயாவை ஒட்டியும் ஹட்டனிலிருந்து அந்த மலையடிவார ஊரான நல்லதண்ணி போகும் பஸ்களில் யாத்திரிகர்கள் நிறைந்திருப்பார்கள். மஸ்கெலியா பக்கம் வேலை இருந்தால் அதற்கேற்ப நேரத்தோடு கிளம்புங்கள்.